மலை எடுப்பது ஆறு, பானெட் எடுப்பது நான்கு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் காரில் போகிறவர்கள் ஜவ்வாது மலை ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “வண்டி இழுக்க மாட்டேங்குதே!” சமவெளியில் துள்ளி ஓடிய அதே கார்தான். நான்கு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்ததும் இரண்டாவது கியர் கேட்கிறது, சில சமயம் முதல் கியரே கேட்கிறது. பெட்ரோல் சரியில்லை என்பார் ஒருவர். கிளட்ச் போய்விட்டது என்பார் இன்னொருவர். ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டினால், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பார்.

ஏற்றம் என்பது தெரிந்த காரணம். அதோடு சேர்ந்து இரண்டு விஷயங்கள் எஞ்சினின் பலத்தைக் குறைக்கின்றன. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது; எஞ்சின் இழுக்கும் காற்று பானெட்டுக்குள்ளேயே சூடாகிறது. முதலாவதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கலாம். அதற்குப் பெரும்பாலும் பணமும் தேவையில்லை. எந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், எதற்குச் செலவு செய்வது, எதற்குச் செய்யக் கூடாது என்பது தானாகப் புரியும்.

காற்றின் எடைதான் கணக்கு

நம் ஊர்ச் சிறிய கார்களில் பரவலாக இருப்பது 1.2 லிட்டர் எஞ்சின். அந்த 1.2 லிட்டர் என்பது சிலிண்டர்கள் ஒரு முறை காற்றை இழுக்கும்போது கொள்ளும் மொத்த அளவு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இந்த இழுப்பு நடக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில், ஏறத்தாழ 1800 லிட்டர் காற்று உள்ளே போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு இழுக்கும் காற்று 6 முதல் 8 லிட்டர்தான்.

சிலிண்டருக்குத் தெரிந்தது கொள்ளளவு மட்டுமே. அந்த 1.2 லிட்டருக்குள் எத்தனை கிராம் காற்று இருக்கிறது என்பதைக் காற்றின் அழுத்தமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. அதே இடத்தில் வெப்பம் 40 டிகிரி ஆனால் எடை 1.13 கிலோவுக்கு இறங்கிவிடும். நம் ஊர் வெப்பநிலைகளுக்கு ஒரு எளிய வாய்பாடு சொல்லலாம்: காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும்.

எடை ஏன் முக்கியம்? ஒரு கிலோ சுத்த பெட்ரோலை மிச்சமின்றி எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். இந்த விகிதம் தவறாமல் பார்த்துக்கொள்வது காரில் இருக்கும் ஈசியூ என்ற சிறு கணினி. காற்று உள்ளே போகும் வழியில் வெப்பத்தை அளக்கும் ஒரு சென்சாரும், அழுத்தத்தையோ காற்றின் எடையையோ அளக்கும் இன்னொரு சென்சாரும் அதற்குத் தகவல் தருகின்றன. காற்று லேசானால் ஈசியூ பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. எரிவது குறைந்தால் இழுவையும் குறையும். கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றினாலும் பலனில்லை. எரிக்க ஆக்ஸிஜன் இல்லாத பெட்ரோல் புகையாகத்தான் வெளியே போகும்.

மலை எடுக்கும் பங்கு

ஜவ்வாது மலையின் உயரத்துக்கு நம்பகமான ஓர் அடையாளம் காவலூர். ஜமுனாமரத்தூர் போலவே இதே மலைத்தொடரில் இருக்கும் காவலூரின் வைணு பாப்பு வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் தொலைநோக்கி 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சூடான காற்று அங்கேயும் எதிரிதான். குவிமாடத்துக்குள் இருக்கும் காற்றும் வெளிக் காற்றும் வெவ்வேறு வெப்பத்தில் இருந்தால் நட்சத்திரத்தின் பிம்பம் கலங்கும்.

போளூர்ச் சமவெளிக்கும் மலையின் மேல்மட்டத்துக்கும் இடையே தோராயமாக 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 600 மீட்டரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதம் இறங்குகிறது. கூடவே வெப்பமும் 4 டிகிரி அளவுக்குக் குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் திருப்பித் தருகிறது. ஆக, மலை எடுத்துக்கொண்ட காற்றில் ஐந்தில் ஒரு பங்கை அதன் குளிர்ச்சியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மீதி நட்டம்தான். ஜமுனாமரத்தூர் காற்று முகத்தில் பட்டால் சுகமாக இருக்கிறது. எஞ்சினுக்கு அது போளூர்க் காற்றைவிட மெலிந்த காற்று.

இங்கே கார் வாங்கும்போது தரும் விளம்பரப் புத்தகத்தையும் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். 80 குதிரைத்திறன் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அது எந்த ஊர்க் காற்றில் அளந்த குதிரைத்திறன்? ஐஎஸ்ஓ 1585 போன்ற சர்வதேச அளவீட்டு விதிகள் இதற்கு ஒரு நிலையான காற்றை வகுத்திருக்கின்றன. 25 டிகிரி வெப்பம், ஈரத்தின் அழுத்தத்தைக் கழித்த பிறகு 99 கிலோபாஸ்கல் அழுத்தம். சோதனை வேறு காற்றில் நடந்தாலும் முடிவை இந்தக் காற்றுக்கு மாற்றித்தான் அச்சிடுவார்கள். மே மாதப் பகலில் போளூரில் 25 டிகிரியை யார் பார்த்தது?

அந்த மாற்றத்துக்கான சூத்திரமும் விதியிலேயே இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு அழுத்தத்தின் பாதிப்பு முழுமையாகவும் அதற்குச் சற்று மேலாகவும் விழும் என்றும், வெப்பத்தின் பாதிப்பு அடர்த்திக் கணக்கு சொல்வதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் என்றும் அது சொல்கிறது. வெப்பத்துக்கு ஏன் இந்தச் சலுகை? காற்று எப்படி வந்தாலும், சிலிண்டருக்குள் நுழையும் முன் சூடான உலோகச் சுவர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. குளிர்ந்து வரும் காற்று அங்கே அதிகம் சூடாகிறது. ஏற்கெனவே சூடாக வரும் காற்று குறைவாகச் சூடாகிறது. வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. குளிர்காற்றைப் பற்றிப் பேசும் பல விளம்பரங்கள் இந்தத் தள்ளுபடியைச் சொல்வதில்லை.

இந்தச் சூத்திரத்தை 80 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் போட்டுப் பார்க்கலாம். விதி வகுத்த எல்லையைத் தாண்டும் கணக்கு என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். அடிவாரத்தில் 40 டிகிரி காற்றை இழுக்கும்போது எஞ்சின் தருவது ஏறத்தாழ 76. மலை உச்சியில், வெளியே 34 டிகிரியும் எஞ்சினுக்குள் போகும் காற்று 38 டிகிரியுமாக இருந்தால் 70. அதே உச்சியில் எஞ்சின் பானெட்டுக்குள் தேங்கிய 65 டிகிரி காற்றை இழுத்தால் 66.

மலை எடுத்தது ஆறு. பானெட் எடுத்தது நான்கு. அந்த நான்கைத்தான் மீட்க முடியும்.

அறுபத்தைந்து டிகிரி எங்கிருந்து வருகிறது?

ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து 1300 கிலோ எடையுள்ள காரை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பள்ளிக்கூடப் பாடத்தை வைத்தே கணக்கிடலாம். 76 லட்சம் ஜூல் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 320 லட்சம் ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக, சாலையில் உருள்வதற்கான செலவு போக, தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் போகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பம். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும்.

நெடுஞ்சாலையில் இதில் சிரமம் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் எதிர்க்காற்று கிரில் வழியாகப் புகுந்து ரேடியேட்டரைக் குளிர்வித்து, பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையும் அடித்துக்கொண்டு கீழ்வழியாக வெளியேறிவிடும். மலைப்பாதையில் எல்லாம் தலைகீழ். எஞ்சின் அதிகம் உழைக்கிறது, கார் மெதுவாகப் போகிறது. மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று என்று சொல்லும்படி ஒன்றும் வராது. ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும். அது ரேடியேட்டரின் சூட்டை எடுத்துப் பின்னால் இருக்கும் எஞ்சின் மேல்தான் தள்ளும். ஏசி ஓடினால் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் பங்குச் சூட்டையும் சேர்க்கும். எஞ்சின் அறைக் காற்று 60, 70 டிகிரியைத் தொடுவது இப்படித்தான்.

வழியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும், காற்றோட்டமும் இல்லை. உலோகத்தில் தேங்கிய சூடு மெல்ல மேலே ஏறி ஏர் ஃபில்டர் பெட்டி, குழாய், சென்சார் எல்லாவற்றையும் சூடாக்கும். பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் முதல் சில வளைவுகளில் வண்டி மந்தமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கார்புரேட்டர் காலத்து ஓட்டுநர்களுக்கு இந்தச் சூடு வேறு வடிவத்தில் தெரியும். அம்பாசடரிலும் பத்மினியிலும் மலையேறும்போது பெட்ரோல் பம்புக்குள் பெட்ரோலே ஆவியாகி, வண்டி நடுவழியில் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, ஆறும் வரை காத்திருந்து கிளப்புவார்கள். இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோலும் அதிக அழுத்தத்தில் வருகிறது. வண்டி நிற்பது போய்விட்டது. மந்தமாவது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சூட்டை இரட்டிப்பாக்கும் சிலிண்டர்

காற்று மெலிவதோடு கதை முடிந்தால் பரவாயில்லை. பெட்ரோல் எஞ்சினில் சூடான காற்று இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் பத்தில் ஒரு பங்காக நெருக்கும்போது அந்தக் கலவை தானாகவே சூடாகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவது போலத்தான். தொடக்கச் சூடு எவ்வளவோ, நெருக்கி முடித்தபின் கிடைப்பது அதன் மடங்கு. 38 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறத்தாழ 425 டிகிரியில் முடிந்தால், 65 டிகிரியில் போனது 485 டிகிரியை எட்டும். வாசலில் 27 டிகிரி வித்தியாசம் உள்ளே 60 டிகிரியாகிவிடுகிறது.

அந்தச் சூட்டில், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிக்கலாம். டிணுக் டிணுக் என்று உலோகத்தைத் தட்டுவது போலக் கேட்கும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். தொடர்ந்தால் பிஸ்டனுக்கே சேதம். இதைக் காதுபோல நின்று கேட்க எஞ்சின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் இருக்கிறது. தட்டல் கேட்டதும் ஈசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், இழுவை குறையும், மைலேஜும் குறையும். குறைந்த சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்து ஏறும் கொண்டை ஊசி வளைவுதான் நாக்கிங்குக்கு மிகவும் வசதியான இடம். மேலே சொன்ன நான்கு குதிரைத்திறனில் இந்த இழப்பு சேரவில்லை.

இந்த விஷயத்தில் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக உறிஞ்சும் வெப்பம், ஒரு கிலோ பெட்ரோல் உறிஞ்சுவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆவியாகும்போதே காற்றைக் குளிர்விக்கிறது. இயல்பிலேயே நாக்கிங்கையும் எதிர்க்கிறது. ஒரு லிட்டரில் அடங்கியிருக்கும் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பது இதன் மறுபக்கம்.

மலை உச்சியில் ஒரு சோதனை

மெலிந்த காற்றை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றி, அந்த விசிறியால் உள்ளே வரும் காற்றை அமுக்கித் தரலாம் என்று ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்றார். அதுதான் டர்போ. பிறகு முதல் உலகப் போர் நேரம். விமானங்கள் உயரப் பறந்தால் எஞ்சின் சோர்ந்துவிடுகிறது. 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், ஒரு லிபர்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோனார். சமவெளியில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே 230 மட்டுமே தந்தது. டர்போ பொருத்தியதும் 356 வந்தது.

மலையின் பங்கை டர்போ ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடும் என்பதற்கு அதுவே சாட்சி. ஜமுனாமரத்தூர்ச் சாலையில் டர்போ டீசல் பிக்கப்புகள் மூட்டைகளோடு சலிக்காமல் ஏறுவதற்கும் இதுதான் அடிப்படை. ஆனால் டர்போவுக்குக் குளிர்ச்சியின் தேவை அதிகம். காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், 35 டிகிரியில் வந்த காற்று 130 டிகிரியாகி வெளியே வரும். அந்தச் சூடு அமுக்கியதன் பலனில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இன்டர்கூலர் என்று ஒன்றை வைக்கிறார்கள். பார்க்க ரேடியேட்டர் போலவே இருக்கும். உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்று ஓடும். அது 130 டிகிரியை 55 டிகிரிக்கு இறக்கினால் காற்றின் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடும்.

முன்பு லாரி, ஜீப்புகளில் மட்டும் இருந்த இந்த ஏற்பாடு இப்போது சிறிய பெட்ரோல் கார்களுக்கும் வந்துவிட்டது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் அப்போது தயாரான ஹூண்டாய் வென்யூ 2019-இலும், ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட் 2020-இலும் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினோடு வந்தன. இத்தகைய கார் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காற்று என்றால் முதலில் இன்டர்கூலரின் சுத்தம்தான்.

கடையில் விற்கும் குளிர்ச்சி

“கோல்ட் ஏர் இன்டேக்” என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் சாமானைப் பற்றி இனிப் பேசலாம். கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுவது பரவலான வழக்கம். மிதித்தால் உறுமும். அந்த உறுமலே பலம் கூடிவிட்டது என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

கம்பெனிப் பெட்டியைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெரும்பாலான கார்களில் அதன் வாய் எஞ்சின் பக்கம் இருப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய் ரேடியேட்டரின் மேல்புறத்துக்கோ, முகப்பு விளக்கின் பின்புறத்துக்கோ, சக்கர வளைவுக்கோ போய் வெளிக் காற்றை எடுத்து வருகிறது. பெட்டியின் பிளாஸ்டிக்கும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதாவது காரில் ஏற்கெனவே ஒரு குளிர்காற்று வழி இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த கூம்பை மாட்டினால், எஞ்சின் இழுப்பது பானெட்டுக்குள் தேங்கிய 65 டிகிரி காற்றை. காசு கொடுத்து நான்கு குதிரைத்திறனை இழப்பது இதுதான்.

பானெட்டில் ஓட்டை போட்டுக் காற்று வாய் வைத்தால், எதிர்க்காற்றின் வேகமே காற்றை உள்ளே அமுக்கும் என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. மலைப்பாதையின் 30 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் 42 பாஸ்கல். கண்ணுக்கு அழகு, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே, சாலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும் வகையும் உண்டு. காற்று உண்மையிலேயே குளிர்ச்சியாகக் கிடைக்கும். ஆனால் தேங்கிய நீரில் இறங்கினால் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடும். தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மழைக் காலத்தில் சாலையின் குறுக்கே ஓடை பாயும் மலைப்பகுதிக்கு இது பொருத்தமே இல்லாத ஏற்பாடு. இப்படி மாற்றியபின் எஞ்சினில் கோளாறு வந்தால் வாரண்டி கிடைப்பதும் கடினம்.

குளிர்காற்றால் மைலேஜ் கூடும் என்பதையும் நம்ப வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது எஞ்சினுக்குத் தேவையான காற்றை நம் கால்தான் கட்டுப்படுத்துகிறது. காற்று லேசாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்போம், அவ்வளவுதான். நாக்கிங் இல்லாதவரை சூடான காற்றால் பெட்ரோல் செலவு கூடிவிடாது. குளிர்காற்றின் பலன் முழுக்கத் தெரிவது முழு மிதியில், முழு பாரத்தில். ஜமுனாமரத்தூர்ச் சாலையில் அப்படிப்பட்ட இடங்கள் சில உண்டு. சென்னையின் நெரிசலில் ஒன்றுகூட இல்லை.

ஏர் ஃபில்டரும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, அடைத்துப்போன ஃபில்டர் நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜைக் குறைக்கவில்லை என்றும், முழு மிதியில் வேகம் எடுப்பதைத்தான் மந்தமாக்கியது என்றும் தெரியவந்தது. மண் சாலைகளில் அதிகம் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடையும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

மலையேறும் முன்

நான்கு குதிரைத்திறனைக் காப்பாற்றச் செய்ய வேண்டியவை எல்லாம் சில்லறை வேலைகள். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் முன்குழாய் தன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸுக்குப் போய் வந்த கார்களில் அது கழன்று கிடப்பதும், பெட்டியின் கிளிப் ஒன்று விட்டுப்போவதும் உண்டு. கழன்ற குழாய் வழியே எஞ்சின் இழுப்பது சூடான காற்றைத்தான். கிரில்லை மறைக்கும் கூடுதல் விளக்குகளையும், முகப்பில் கட்டிய துணிகளையும் மலையேற்றத்துக்கு முன் அகற்றிவிடுங்கள். ரேடியேட்டர், கண்டென்சர், இன்டர்கூலர் ஆகியவற்றின் மெல்லிய தகடுகளில் பூச்சியும் புழுதியும் அடைந்திருந்தால், எஞ்சின் ஆறியபின் மெல்லிய நீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். கூலன்ட் அளவையும் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். சூடான நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஏறும்போது மூன்றாவது கியரில் முனகவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதைவிட, இரண்டாவது கியரில் எஞ்சினைச் சற்று வேகமாகச் சுழலவிட்டு ஏறுவது நல்லது. நாக்கிங் வராது, கூலன்ட் பம்பும் வேகமாகச் சுழலும். வழியில் நிறுத்தினால் நிழல் பார்த்து நிறுத்துங்கள். மீண்டும் கிளம்பியதும் ஓரிரண்டு நிமிடம் நிதானமாக ஓட்டினால் போதும், உள்ளே போகும் காற்று தானாக ஆறிவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்க விரும்புகிறவர்கள், காரின் ஓபிடி துளையில் செருகும் விலை குறைந்த புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, செல்போனில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைக் கவனிக்கலாம். வெளி வெப்பத்தைவிட ஐந்து, பத்து டிகிரி மட்டுமே கூடுதலாக இருந்தால் கம்பெனி ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் முப்பது டிகிரி கூடுதலாகவே நின்றால் குழாயைத் தேடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட மலிவான வழி. கார் ஏசியின் கம்ப்ரஸர் எஞ்சினிடமிருந்து 3 முதல் 5 குதிரைத்திறன் வரை எடுத்துக்கொள்கிறது. அதை நிறுத்தினால் அந்தப் பலம் உடனே சக்கரத்துக்கு வந்துவிடும். கண்டென்சரின் சூடும் நின்று எஞ்சின் அறை ஆறத் தொடங்கும். விலையுயர்ந்த எந்தக் குளிர்காற்றுச் சாமானும் சிறிய காருக்கு இவ்வளவு தராது. ஜவ்வாது மலை ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். எஞ்சினுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.